நேற்றும் நாளையும் ஒரே சொல்லாக இருந்த ஊரில்

1964 நவம்பர் 9, திங்கட்கிழமை, அந்தமானில் லாங் ஐலண்ட் தீவு. காலையில் பால் இல்லாத தேநீர் குடித்துவிட்டு, கப்பல் அணையும் ஜெட்டிக்குப் போனேன். அளவுக் கம்பத்தில் படிந்திருந்த பாசியைத் தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவினேன். பக்கத்தில் இருந்த கடல்மட்டப் பதிவுக் கருவியின் கடிகாரத்துக்குச் சாவி கொடுத்தேன். அதன் மிதவைக் குழாய்க்குள் நண்டு புகுந்திருக்கிறதா என்று பார்த்தேன். புகுந்திருந்தது. எடுத்துப் போட்டேன். கடல் இறங்கி நின்ற அளவைப் படித்து எழுதிவிட்டு, அலுவலகச் சுவரில் இருந்த பாரோமீட்டரின் கண்ணாடியைத் தட்டி அதையும் எழுதினேன். வீட்டுக்கு வந்து கஞ்சி குடித்தேன். அன்று கஞ்சி வரைக்கும் நாட்குறிப்பில் இருப்பது இவ்வளவுதான்.

என் வேலை கடலின் உயரத்தை அளப்பது. "மாப்பிள்ளைக்குக் கடல அளக்குற உத்தியோகமாம். மரக்காலால அளக்குறாரோ படியால அளக்குறாரோ" என்று என் மாமியார் ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தார். அளந்தது ஒரு மரக் கம்பத்தால். அடியும் அடியில் பத்தில் ஒரு பங்குமாகக் கறுப்பு வெள்ளையில் கோடு போட்டு ஜெட்டியோரம் நட்டிருந்தோம். கடல் ஏறி நிற்பதை ஏற்றம் என்றும் இறங்கி நிற்பதை வற்றம் என்றும் எங்கள் கரையில் சொல்வோம். இரண்டும் முன்கூட்டியே தெரிந்தால்தான் ஜெட்டி கட்டவும், கப்பல் அணையவும், மரக்கட்டைகளைத் தெப்பமாகக் கட்டி இழுக்கவும் முடியும்.

முன்கூட்டிச் சொல்ல ஓர் இயந்திரம் இருந்தது. மெயின்லேண்டில், வடக்கே, ஒரு பெரிய அலுவலகத்தில் இருப்பதாகச் சொன்னார்கள். நிலாவுக்குச் சில பித்தளைச் சக்கரங்கள், சூரியனுக்குச் சில. எல்லாவற்றின் மேலும் ஒரே கம்பி ஓடும். கைப்பிடியைச் சுற்றினால் வரப்போகிற ஆண்டின் ஏற்றத்தையும் வற்றத்தையும் காகிதத்தில் கோடாக இழுத்துக் காட்டிவிடும். நான் அதைப் பார்த்ததில்லை. அதிலிருந்து எடுத்த அட்டவணை ஆண்டுக்கு ஒரு முறை கப்பலில் வரும். அது சொன்னபடி கடல் நடந்துகொள்கிறதா என்று பார்ப்பவன் நான்.

இதை இப்போது எழுதக் காரணம் பிரமிளா. ஓய்வு பெற்று போர்ட் பிளேரின் டெய்ரி ஃபார்ம் பகுதியில் குடியிருக்கும் என்னைப் பார்க்க ஞாயிற்றுக்கிழமைகளில் வருவாள். போர்ட் பிளேர் அலுவலகத்தில் நான் விட்டுவந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் தெலுங்குப் பெண். அவளுடைய தமிழ் பத்துபஸ்தி என்ற பகுதியில் பக்கத்து வீட்டுக்காரர்களிடம் கற்றது. போன வாரம் வந்தவள் செருப்பைக் கழற்றும் முன்பே ஆரம்பித்தாள். "அங்கிள், பித்தளை மெஷின் இனிமே பந்த். கம்ப்யூட்டர் வருது. அது சோச்சுமாம், தானா யோசிக்குமாம். புதுசா கண்டுபிடிக்குமாம். பத்திரிகையில போட்டிருக்கான். அப்ப நம்ம காம் என்ன, நமக்கு என்ன வேலை?"

அவள் கேள்விக்குப் பதிலாக இந்த நவம்பர் 9-ஐச் சொன்னேன். சொன்னதை எழுதியும் வைக்கும்படி கேட்டாள்.

என் பயிற்சியைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. போர்ட் பிளேரில் சில மாதங்கள் உயர மட்டம் பார்க்கும் லெவல் கருவி பிடிக்கக் கற்றேன், நிறையப் பாசி தேய்த்தேன். மற்றதெல்லாம் லாங் ஐலண்டில் என் மேலதிகாரியான தத்தா சாபிடம் கற்றது. உதவிப் பொறியாளர், வங்காளி, வெயிலோ மழையோ கையில் குடை. யாரையும் "தப்பு" என்று சொல்லமாட்டார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு "ஏக் பார் அவுர்" என்பார். இன்னொரு தடவை என்று பொருள். அந்தக் குரலில் கோபமே இருக்காது. ஐந்தாவது முறையும் அதே அன்போடு சொல்வார். அதனால்தான் தப்பிக்கவே முடியாது.

கம்பம் படிப்பதற்கு அவர் ஒரு முறை வைத்திருந்தார். தண்ணீர் ஒரு கணம்கூட ஓரிடத்தில் நிற்காது. அலை வந்து ஏறும் உச்சத்தையும் அது வழிந்து இறங்கும் அடியையும் படித்து, இரண்டுக்கும் நடுவை எடுக்க வேண்டும். மூன்று அலைகளுக்கு அப்படிச் செய்து, மூன்றின் நடுவை எழுத வேண்டும். மையால்தான் எழுத வேண்டும். எழுதி முடிக்கும்வரை அட்டவணை என் கண்ணில் படக்கூடாது. அதை மேசை இழுப்பறையில் பூட்டிச் சாவியை அவரே வைத்திருப்பார். முதல் வாரம் எனக்கு இது அவமானமாக இருந்தது. என்னை நம்பவில்லையா என்று கேட்டேன்.

"என்னையே நம்பவில்லை" என்றார் ஹிந்தியில். "நானும் எழுதிவிட்டுத்தான் திறப்பேன். அட்டவணையைப் பார்த்துவிட்டுப் போகிறவன் கம்பத்தில் அட்டவணையைத்தான் படிப்பான்."

நவம்பர் 8 ஞாயிறு. மத்தியான ஏற்றத்தை எழுதிக் கொடுத்தேன். சாப் இழுப்பறையைத் திறந்து பார்த்தார். அட்டவணை சொன்னதைவிடக் கடல் உயரமாக இருந்தது. பெரிய வித்தியாசம் இல்லை, மூன்று விரல் கிடை இருக்கும். அவர் கண்ணாடி நெற்றிக்கு ஏறியது. கம்பம் மணலில் இறங்கியிருந்தால் தண்ணீர் ஏறியதுபோலத் தோன்றும் அல்லவா? எனவே மறுநாள் திங்கள் காலை, கஞ்சி குடித்த கையோடு, பாறையில் வெட்டிய மட்டக் குறியிலிருந்து கம்பத்துக்கு லெவல் பிடித்தேன். கம்பம் அசையவில்லை. ஏக் பார் அவுர். அசையவில்லை.

இந்தக் கூத்தையெல்லாம் லாஞ்சு என்கிற விசைப்படகை ஓட்டும் ராம்லால் பார்த்துக்கொண்டே இருந்தான். "தாஸ் பாய், சாபுக்கு என்ன கஷ்டம்?" என்று ஹிந்தியில் கேட்டான். நான் சொன்னேன்: "கல் பானி ஜாஸ்தி."

இங்கே ஒன்றை விளக்க வேண்டும். ஹிந்தியில் 'கல்' என்றால் நேற்று. 'கல்' என்றால் நாளையும்கூட. எது என்பது வாக்கியத்தின் கடைசியில் வரும் வினைச்சொல்லில் தெரியும். தீவுக்கு வந்த நம் தமிழ் ஆட்கள் ஹிந்தி பேசும்போது முதலில் தூக்கிக் கடலில் எறிவது அந்த வினைச்சொல்லைத்தான். நேற்றுத் தண்ணீர் அதிகமாக இருந்தது என்றுதான் நான் சொன்னதாக நினைப்பு. ராம்லால் தலையாட்டிவிட்டு லாஞ்சை எடுத்துக்கொண்டு வடக்குக் கரைக்குப் போய்விட்டான்.

வடக்குக் கரையில் லூர்து அண்ணன் படகு நின்றது. தூத்துக்குடிப் பக்கத்துக்காரர், எனக்கு இரண்டு வருடம் முன்னால் தீவுக்கு வந்தவர். அந்த ஒரு படகை வைத்துத்தான் மீன், ஆள், அரிசி எல்லாம் ஏற்றிப் பிழைத்தார். அமாவாசையை ஒட்டிய பெரிய ஏற்றத்தில் படகை மணல் திட்டின்மேல் ஏற்றி, முட்டுக் கொடுத்து நிறுத்தி, அடிப்பலகை சுரண்ட ஆரம்பித்தார். சுரண்டியபோது ஒரு பலகை உளுத்திருப்பது தெரிந்தது. அதை மாற்றி முடிப்பதற்குள் ஏற்றம் நாளுக்கு நாள் குறைய ஆரம்பித்துவிட்டது. இனி பௌர்ணமியை ஒட்டித்தான் படகைத் தொடும் அளவுக்குத் தண்ணீர் வரும். அதற்குள் வாடைக்காற்று எழுந்தால் அந்தத் திட்டில் அலை உடையும். முட்டில் நிற்கும் படகு இரண்டு நாள் தாங்காது. ஊரில் எல்லோருக்கும் இது தெரியும். அவர் மனைவி ஞானம் அக்கா அந்த நாட்களில் காற்று திரும்பினாலே வீட்டுக்கு வெளியே வந்து நிற்பார்.

அன்று மத்தியானம் ஏற்றத்தைப் படித்தேன். சாப் இழுப்பறையைத் திறந்தார். நேற்றைவிட வித்தியாசம் கூடியிருந்தது, அரை அடிக்குச் சற்றுக் குறைவு. இருவரும் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது சாயங்காலமாகிவிட்டது. வாசலில் சிரிப்புச் சத்தம். லூர்து அண்ணன், ஞானம் அக்கா, பின்னால் ராம்லால். அக்கா கையில் பொரித்த மீன் நிறைந்த தூக்கு.

"தாசு தம்பி, நீ நல்லாருக்கணும்" என்றார் லூர்து அண்ணன். "நாளைக்குத் தண்ணி ஜாஸ்தின்னு சொல்லி அனுப்புனியாமே. மர ஆலையிலருந்து இருபது பேரச் சொல்லி வச்சிட்டேன். இன்னிக்கு ஒரு சாண் பத்தாம நின்னுபோச்சு. காலையில அடிமணலத் தோண்டி, எஞ்சின எறக்கிட்டா மத்தியானம் தள்ளிரலாம்."

அட்டவணைப்படி நாளைய ஏற்றம் இன்றையதைவிடக் குறைவு. அடிமணலைத் தோண்டினால் முட்டுகள் நிற்காது. தோண்டிய பிறகு தண்ணீர் வராவிட்டால் படகு சரிந்து படுத்துவிடும். பிறகு பௌர்ணமி வந்தாலும் உபயோகமில்லை.

"அண்ணே, நான் நாளைக்குன்னு சொல்லல. நேத்துன்னு சொன்னேன்."

ராம்லால் கோபப்பட்டான். "கல் என்றாய். அதிகம் என்றாய். போன தண்ணீரை எவனாவது சொல்லி அனுப்புவானா?"

ஞானம் அக்கா தூக்கை மேசைமேல் வைத்தார். "நல்லவேள, தாசு தம்பி ஹிந்தியில பொண்ணு கேக்கல. கேட்டிருந்தா கல்யாணம் நேத்தே முடிஞ்சிருக்கும், மாப்பிள்ள நாளைக்கு வந்து நிப்பாரு" என்றார்.

நடந்ததை சாபுக்கு விளக்கினேன். அவர் குடையை மடியில் வைத்துக்கொண்டு, தோள் குலுங்க, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். பிறகு துடைத்துக்கொண்டு கேட்டதுதான் நான் மறக்காதது: "சொல் தப்பு, சரி. வாக்கியம் தப்பு என்று யார் நிரூபித்தது? நாளை தண்ணீர் அதிகமாக இருக்காது என்று நமக்கு எப்படித் தெரியும்?"

"அட்டவணை சொல்கிறதே சாப்."

"அட்டவணை நேற்றும் சொன்னது. இன்றும் சொன்னது."

வித்தியாசம் ஒன்று இருப்பது நிச்சயம், அது வளர்வதும் நிச்சயம். ஏன் என்றுதான் தெரியவில்லை. ஏன் என்று தெரிந்தால்தான் நாளையும் வளருமா என்று சொல்லலாம். சாப் எல்லோரையும் உட்கார வைத்தார். ஆளுக்கொரு காரணம் சொல்லச் சொன்னார். எவ்வளவு பைத்தியக்காரத்தனமாகவும் இருக்கலாம், சிரிக்கலாம், ஆனால் சொல்வதைத் தடுக்கக் கூடாது என்றார். ராம்லால் திமிங்கிலம் என்றான். லூர்து அண்ணன், மாதா தூக்கிவிடுகிறாள் என்றார், பாதி விளையாட்டாகவும் பாதி நிஜமாகவும். நான் மழைவெள்ளம் என்றேன். மழையே இல்லையே என்று நானே மறுத்துக்கொண்டேன்.

"எவனோ கடலுக்கு மேல இருந்த மூடியத் தூக்கிட்டான்" என்றார் ஞானம் அக்கா. "கஞ்சிப் பானையில மூடியத் தூக்குனா நுரை ஏறிவருமில்ல, அதாட்டம்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே கடலுக்கு மேல் அப்படி என்ன மூடி இருக்கிறது என்று நினைத்தேன். காற்று இருக்கிறது. காற்றுக்கு எடை உண்டு. அந்த எடையைக் காட்டும் பாரோமீட்டர் என் தலைக்கு மேலே சுவரில் தொங்கியது. அதில் அடையாளத்துக்காகத் திருப்பி வைக்கும் பித்தளை முள் ஒன்று உண்டு. வெள்ளிக்கிழமை நானே திருப்பி வைத்தது. அசல் முள் அதைவிட்டு நன்றாகக் கீழே போயிருந்தது. மூன்று நாளாகக் காலையில் தட்டி, பார்த்து, எழுதிவந்தேன். வானம் நீலமாக இருந்ததால் அதை எதனோடும் சேர்த்து யோசிக்கவில்லை.

விரலால் காட்டினேன். சாப் எழுந்துபோய்ப் பார்த்தார். திரும்பியபோது முகம் குழந்தை முகம் மாதிரி இருந்தது.

"இது புத்தகத்தில் இருக்கிறது. காற்றின் அழுத்தம் குறைந்தால் கடல் உயரும். பரீட்சையில் எழுதியும் இருக்கிறேன்" என்றார். "ஆனால் மூன்று நாளாக இந்த மேசைக்கு அது வரவில்லை, பாருங்கள்!" தூரத்தில் எங்கோ கடலில் ஒரு காற்றழுத்தத் தாழ்வு உருவாகிக்கொண்டிருக்க வேண்டும். அது வளர்ந்தால் தண்ணீர் நாளையும் கூடும். பின்னாலேயே காற்றும் அலையும் வரும்.

லூர்து அண்ணன் சாபை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார். "தம்பி, உன் படகா இருந்தா தோண்டுவியா?"

"காலையில பாரோமீட்டரைப் பார்த்துட்டுச் சொல்றேண்ணே. இன்னும் எறங்கியிருந்தா தோண்டுங்க. ஏறியிருந்தா முட்டத் தொடாதீங்க."

சாப் ஒரு தாளை எடுத்து, முள் இதே வேகத்தில் இறங்கினால் நாளைய மத்தியான ஏற்றம் இவ்வளவு இருக்கும் என்று எண்ணை முன்கூட்டியே எழுதினார். எண் என் கண்ணில் படாமல் மடித்து, மடிப்பின் வெளியே இருவரும் கையெழுத்துப் போட்டோம். "யூகம் எங்கிருந்து வந்தது என்று நான் விசாரிக்க மாட்டேன். ஓட்டை ஹிந்தியிலிருந்து வரட்டும், கஞ்சிப் பானையிலிருந்து வரட்டும். நாளை கம்பத்துக்கு முன்னால் அது தன் காலில் நிற்க வேண்டும், அவ்வளவுதான்." பிறகு மீனைச் சாப்பிட்டோம். நல்ல காரம்.

நவம்பர் 10 காலை. கண்ணாடியைத் தட்டினேன். முள் இன்னும் கீழே. வடக்குக் கரைக்கு ஓடினேன். லூர்து அண்ணன் மண்வெட்டியோடு நின்றிருந்தார். நான் வாயைத் திறக்கும் முன்னே என் முகத்தைப் பார்த்துவிட்டு முதல் வெட்டு வெட்டினார். ஜெட்டிக்குத் திரும்பி நடந்தேன். அவருடைய படகு இப்போது ஒரு பாரோமீட்டரை நம்பி நின்றது.

மத்தியானம் சாபையும் என்னையும் தவிர எல்லோரும் படகுப் பக்கம் போய்விட்டார்கள். நான் மட்டும் கம்பத்தில். சாப் விடவில்லை. "அங்கே இருபது பேர் இருக்கிறார்கள். இங்கே நீ ஒருவன்தான்" என்றார். முதல் அலை. உச்சம், அடி. இரண்டாவது அலை. வடக்கிலிருந்து 'ஏலேலோ' என்று இழுவைச் சத்தம் வந்தது. பிறகு ஒன்றும் இல்லை. காதை அந்தப் பக்கம் வைத்ததில் மூன்றாவது அலையைத் தவறவிட்டு நாலாவதைப் படித்தேன். அடியை எழுதிக்கொண்டிருக்கும்போது கிளம்பியது ஒரு கூச்சல்! தமிழா, ஹிந்தியா, மர ஆலையில் வேலை செய்த ராஞ்சிக்காரர்கள் பாஷையா என்று பிரிக்க முடியாத கூச்சல். யாரோ தகரத்தைத் தட்டினார்கள். படகு மிதந்துவிட்டது.

நான் நடுவைக் கணக்குப் போட்டு, மையால் எழுதி, அதன் பிறகுதான் தலையைத் தூக்கினேன். சாப் கையெழுத்துப் போட்ட தாளை விரித்தார். நாங்கள் சொன்னதற்கும் கடல் சொன்னதற்கும் விரல் கிடைகூட வித்தியாசம் இல்லை. சாப் குடையை ஆகாயத்தில் எறிந்தார். அது கடலில் விழுந்தது. வடக்குக் கரையிலிருந்து திரும்பிய ராம்லால் லாஞ்சில் போய் எடுத்துவந்தான்.

இதைக் கேட்ட பிரமிளா சும்மா இருக்கவில்லை. "அங்கிள், கம்ப்யூட்டருக்குப் பாரோமீட்டரையும் குடுத்துட்டா அதுவே சொல்லிடுமே?" என்றாள். சொல்லும், நம்மைவிட நன்றாகச் சொல்லும் என்றேன். எனக்கு அதில் சந்தோஷம்தான். பித்தளை இயந்திரத்தையும் நான் குறைத்துச் சொல்லவில்லை. அது அவ்வளவு துல்லியமாகக் கணக்குப் போட்டிருக்காவிட்டால் மூன்று விரல் வித்தியாசம் எங்களைத் திடுக்கிட வைத்திருக்காது. இன்ன அளவு வரும் என்று எதிர்பார்க்காதவனுக்கு ஆச்சரியம் ஏது? அது தனக்குக் கொடுத்த நிலாவையும் சூரியனையும் வைத்து நேற்றிலிருந்து நாளையைச் செய்தது. காற்றை யாரும் அதற்குக் கொடுக்கவில்லை. எதைக் கொடுக்காமல் விட்டோம் என்று தோன்றுவதுதான் கஷ்டமான வேலை. எங்களுக்கு அது தோன்றியது ஒரு தவறான வாக்கியத்தாலும், அந்த வாக்கியத்தை எடுத்தெறியாத ஒரு மேலதிகாரியாலும், ஒரு பானையாலும்.

"ஒரு நாள் மெஷினே 'எனக்கு எது குடுக்கல'ன்னு கேட்டா?" என்றாள்.

கேட்டால் அதற்கு நாற்காலி போட்டு, டீ கொடுத்து, கூட உட்கார்ந்துகொள்வேன் என்றேன். "அங்கிளுக்கு எல்லாரோடயும் தோஸ்தி" என்று சிரித்தாள்.

நவம்பர் 10 சாயங்காலம் காற்று எழுந்தது. படகு அதற்குள் கிரீக்கில் பத்திரமாக இருந்தது. கடல்நீர் தீவுக்குள் ஓடைபோல் நுழையும் இடத்தை இங்கே எல்லோரும் கிரீக் என்பார்கள். இரண்டு பக்கமும் அலையாத்தி மரங்கள் அடர்ந்து, காற்றே புகாத இடம். ஊரே சந்தோஷத்தில் இருந்தபோது சாப் மட்டும் மேசையில் தாளம் தட்டிக்கொண்டிருந்தார். வெளிக்கடலில் முன்பே எழுந்திருந்த காற்று தண்ணீரை எங்கள் ஜெட்டிப் பக்கம் தள்ளியிருக்கலாம் அல்லவா? அழுத்தம் காரணமா, காற்றின் தள்ளல் காரணமா? எண் சரியாக வந்துவிட்டதால் காரணமும் சரி என்று ஆகிவிடாது. இருவரும் ஒரே நேரத்தில் கிரீக்கை நினைத்தோம். அங்கே காற்று தள்ள முடியாது. அங்கும் ஜெட்டியில் உயரும் அதே அளவு உயர்ந்தால் காரணம் அழுத்தம். இல்லையென்றால் எங்கள் யூகம் பாதி போச்சு.

நவம்பர் 11, புதன். காலை முதல் வேலையாக, புதிதாகக் கோடு போட்ட கம்பத்தையும் லெவல் கருவியையும் லூர்து அண்ணன் படகில் ஏற்றினோம். அதே நேரத்தில் ஜெட்டிக் கம்பத்தைப் படிக்க சாப் அங்கேயே இருந்துகொண்டார். எஞ்சினைத் திரும்ப மாட்டிய பிறகு அந்தப் படகு செய்த முதல் பயணம் அது. கூலி கேட்டால் அடிப்பேன் என்று ஞானம் அக்கா அண்ணனிடம் சொல்லி அனுப்பியிருந்தார். வடக்குத் திட்டில் அலை உடையும் சத்தம் கிரீக்குக்குள் வரை கேட்டது. அண்ணன் ஒரு தடவை அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டார். பிறகு இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி, நான் சேற்றில் அடித்த கம்பத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"இது என்ன தம்பி சொல்லும்?"

"தெரியாதுண்ணே."

"தெரியாமத்தான் கோழி கூவுறதுக்கு முன்னால எழுப்பிக் கூட்டிட்டு வந்தியா?"

"ஆமாண்ணே, அதுக்குத்தான்."

அவர் சிரித்ததில் கம்பம் ஆடியது. ஆட்டம் நிற்கட்டும் என்று காத்திருந்து, முதல் அளவைப் படித்தேன்.